பேச்சித்தாய் விட்டுப்போன ஓட்டம்

பேச்சித்தாய் மைதானத்தை விட்டுப் போய்விட்டாள். அவளுடைய ஓட்டம் போகவில்லை. தேரிமேட்டு விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் செம்மண் தடத்தில், எண்ணூறு மீட்டர் போட்டியில், எல்லாருக்கும் முன்னால் பறந்துகொண்டிருந்த பத்தொன்பது வயசுப் பெண், இரண்டாம் சுற்றின் பாதியில், உடைமரத்தடியில் நின்றிருந்த கோச் சாமித்துரை சார் வலது கையைத் தாழ்த்தி "எறங்கு" என்று சொன்ன ஒற்றைச் சொல்லுக்குக் கட்டுப்பட்டு உள்பக்கப் புல்லில் விலகி நின்றாள் அல்லவா, அந்த இடத்தில் அவளுடைய ஓட்டம் அவளைவிட்டுக் கழன்றுகொண்டது. கழன்ற ஓட்டம் நேரே தொடக்கக் கோட்டுக்குப் போனது, முதலிலிருந்து ஓடியது, ஒரு சுற்று முடித்து இரண்டாம் சுற்றில் உடைமரத்தடிக்கு வந்ததும் தானே இறங்கியது, மறுபடி கோட்டுக்குப் போனது, மறுபடி ஓடியது. ஆள் கிடையாது. தப்தப்பென்று காலடிச் சத்தம் கேட்கும், மூச்சுச் சத்தம் கேட்கும், முதல் தடத்து மண்ணில் ஸ்பைக்ஸ் ஷூவின் ஆணிப் புள்ளிகள் புதிதாக விழுந்துகொண்டே போகும், அவ்வளவுதான்.

தேரிமேட்டில் யாரும் இதற்காக வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. மண்ணுக்குத் தண்ணீர் தெளிக்கிறவர்கள் அது கடந்து போகும்வரை குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள், சுண்ணாம்புக் கோடு போடுகிறவர் "போயிருட்டும், போயிருட்டும்" என்று ஒதுங்கி நின்றார், கேன்டீன்காரர் அதன் சுற்றைப் பார்த்து இட்லிக் கொப்பரையை இறக்கினார். ஒருநாள் கணக்குப் பிரிவுக் கிளார்க் ஒருவர், காற்றில் பறந்த குடையை எடுக்க முதல் தடத்துக்குள் கால் வைத்தவர், அந்தக் காலடிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். மாட்டினால் மாட்டினதுதான். அது இழுக்கும், பின்னால் இருப்பவர் காலுக்கு வேலையே கிடையாது. தொந்தியும் வேட்டியுமாக அந்த மனுஷன் ஒன்றரைச் சுற்று பறந்து, உடைமரத்தடியில் அது இறங்கியதும் தானும் விடுபட்டு, புல்லில் விழுந்து எழுந்து, "ஏயப்பா, என் முட்டுவலி எங்கவே போச்சு!" என்று கேட்டார். அப்புறம் சொல்லவா வேண்டும்? சர்க்கரை வியாதிக்காரர்கள் வந்தார்கள், கல்யாணத்துக்கு முன்னால் இடுப்பு குறைய வேண்டிய பெண்கள் வந்தார்கள், ரிட்டையரான தாசில்தார் ஒருவர் தினமும் பேப்பர் படித்துக்கொண்டே ஓடினார். வெள்ளிக்கிழமை தொடக்கக் கோட்டில் ஒரு தேங்காய் உடைத்தார்கள். ஓட்டத்தம்மா என்று பேரும் வைத்தார்கள்.

அந்த அம்மாவுக்குச் சொந்தக்காரி அந்த நேரத்தில் தூத்துக்குடியில் ஒரு இறால் கம்பெனியில் ஐஸுக்குள் கை விட்டுத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

நடந்தது என்னவென்றால், ஓட்டக்காரர்களிடையே இழுத்துக் கொடுப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. நல்ல நேரம் எடுக்க வேண்டிய ஒருத்திக்காக இன்னொருத்தி முன்னால் வேகமாக ஓடிக் கொடுப்பாள், பின்னால் வருகிறவள் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டே வருவாள், குறிப்பிட்ட தூரம் வந்ததும் இழுத்துக் கொடுத்தவள் இறங்கிக்கொள்வாள். தப்பான வழக்கம் இல்லை. ஆனால் இழுக்கச் சொன்னது யாரை, யாருக்காக? அப்போதிருந்த பதிவாளரின் மகளுக்குத் தேசியப் போட்டிக்கான நேரம் வேண்டியிருந்தது, அவளுக்குத் தனியாக ஓடி அந்த நேரம் ஏழு ஜென்மத்துக்கும் வராது, பேச்சித்தாய்க்கோ கண்ணை மூடிக்கொண்டு ஓடினாலும் வரும். சாமித்துரை சார் அவள் தோளில் கை போட்டு, "நீ என் பிள்ளை மாதிரிளா. இந்தத் தடவை இழுத்து மட்டும் குடு. ஒன்னை அடுத்த மீட்டுல பாத்துக்கலாம்" என்றார். கோச் சொன்னால் சொன்னதுதான் என்று நம்புகிற வயசு. இழுத்துக் கொடுத்தாள். பதிவாளர் மகள் டெல்லிக்குப் போனாள்.

அடுத்த மீட்டு, அதாவது அடுத்த போட்டி, வந்தது, அதற்கடுத்த மீட்டும் வந்தது, ஒன்றிலும் பேச்சித்தாயின் பேர் இல்லை. கேட்டதற்கு, தேர்வுக் குழுவில் பத்துப் பேர் முன்னால் சாமித்துரை சார் கையை விரித்தார். "திறமை இருக்கு, இல்லேங்கல. ஆனா நெஞ்சுரம் கிடையாது. பாதியில நின்ன பிள்ளைல்லா. பாதிப் பேச்சி." சிரிப்பு வந்தது. அந்தப் பேர் விடுதிக்குப் போனது, ஊருக்குப் போனது, அவள் போகிற இடத்துக்கெல்லாம் அவளுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துகொண்டது.

பேர் மட்டும் என்றால் பரவாயில்லை. அன்றைக்கு ஓட்டம் கழன்ற பிறகு பேச்சித்தாயால் எதையுமே முடிக்க முடியவில்லை. தட்டில் சோறு பாதியில் நின்றுவிடும், எவ்வளவு பசித்தாலும் அதற்கு மேல் கை போகாது. மாடிப்படி பாதியில் கால் நின்றுவிடும். தலை பின்னினால் பின்னல் கழுத்தோடு சரி. ஒரு கல்யாணமும் நிச்சயத்தோடு நின்றது. தூக்கம் பாதியில் அறுந்து, மிச்ச ராத்திரிக்கு ஒரு ஆளை நினைத்துக் கறுவிக்கொண்டே கிடப்பாள். ஒரே ஒரு காரியம் மட்டும் அவளுக்குள் பாதியில் நிற்காமல் வளர்ந்துகொண்டே போனது, அது அந்த ஆளின் மேல் இருந்த ஆத்திரம்.

பன்னிரண்டு வருஷம் போனது. ஒருநாள் இறால் கம்பெனிச் சாப்பாட்டு நேரத்தில், வடை சுற்றி வந்த பேப்பரில் சாமித்துரை சார் சிரித்துக்கொண்டிருந்தார். அறுநூறு முறை என்று ஒரு பயிற்சி முறையை அவர் கண்டுபிடித்திருக்கிறாராம், தேரிமேட்டில் இருக்கிற ஓட்டத்தம்மாவின் பின்னால் மாணவிகளை அறுநூறு மீட்டர் இழுபட விட்டு, கடைசி இருநூறைச் சொந்தக் காலில் ஓட வைப்பாராம், பதக்கமாகக் குவிகிறதாம், புத்தகமே எழுதிவிட்டாராம், அது பட்டயப் படிப்பில் பாடமாம். பேச்சித்தாய் எண்ணெய்க் காகிதத்தை நீவி நீவிப் படித்தாள். பாதியில் இறக்கிவிட்டதும் இல்லாமல், இறங்கிப்போன பிறகும் தன்னை வைத்தே இழுத்துக்கொண்டிருக்கிறானே பாவி என்று அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. வடையைப் பாதி தின்று வைத்துவிட்டு எழுந்தாள். மாநில அளவில் ஓடினவர்களுக்கு ஒரு வருஷப் பயிற்சியாளர் பட்டயம் அங்கே உண்டு. முப்பத்தொரு வயசில் பேச்சித்தாய் கோச்சுக்குப் படிக்கப் போனாள்.

போன முதல்நாள் பெட்டியை வைத்துவிட்டு நேராக மைதானத்துக்குத்தான் வந்தாள். தடத்தின் எதிர்க்கரையிலிருந்து சத்தம் வந்தது, தப்தப், தப்தப், இடதுகால் கொஞ்சம் அழுத்தி விழுகிற அவளுடைய சொந்தச் சத்தம், வளைவில் திரும்பும்போது மூக்கை உறிஞ்சுகிற அதே பழக்கம். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் தாசில்தார் பேப்பரோடு இழுபட்டுப் போனார். பேச்சித்தாய் தடத்தோரம் குந்தி உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். "அட கூறுகெட்டவளே, இன்னுமா ஓடுத" என்றாள். அது காதில் வாங்காமல் போய்விட்டது.

"யாரது? பாதிப் பேச்சியா?" பின்னாலிருந்து குரல் கேட்டது. சாமித்துரை சாருக்கு முடி நரைத்திருந்தது, கழுத்தில் அதே விசில். "கோச்சுக்கா படிக்க வந்திருக்க? படி, படி. இதையாவது முடிப்பியா பாப்போம்."

"முடிக்கத்தான் சார் வந்திருக்கேன்" என்றாள் பேச்சித்தாய். அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

வகுப்பில் அவளைவிடப் பத்து வயசு சின்னதுகள். அக்கா அக்கா என்று மொய்த்துக்கொண்டார்கள். அறைத்தோழி கித்தேரி, கடற்கரை ஊர்ப் பெண், இன்னும் போட்டிகளில் ஓடிக்கொண்டே படிக்கிறவள், வாய் ஓயாது. பேச்சித்தாய் பாதியில் வைக்கும் சோற்றை மிச்சம் இல்லாமல் வழித்துத் தின்பதும் அவள்தான். உடலியங்கியல் படித்தார்கள், தசையின் பேரெல்லாம் மனப்பாடம் செய்தார்கள், சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது எப்படி என்று படித்தார்கள். சாமித்துரை சாரின் புத்தகத்தைப் பேச்சித்தாய் மாதிரி யாரும் படித்திருக்க மாட்டார்கள். அதில் ஒரு வரியைப் பென்சிலால் அழுத்திக் கோடு போட்டாள்: இழுத்துக் கொடுப்பவர் தானாக முடிவெடுக்கக் கூடாது, பயிற்சியாளர் இறங்கச் சொல்லும்வரை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

செய்முறைத் தேர்வுக்கு ஒவ்வொருவரும் ஒரு ஓட்டக்காரரைத் தேர்ந்தெடுத்து, பருவம் முழுக்கப் பயிற்சி கொடுத்து, முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும் என்பது விதி. ஒருத்தி பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பையனைப் பிடித்தாள், ஒருவன் தன் தம்பியையே பிடித்தான். பேச்சித்தாய் எழுந்து, "நான் ஓட்டத்தம்மாவை எடுத்துக்கிடுதேன்" என்றாள்.

துறைக்கூட்டம் கூடியது. ஓட்டக்காரர் என்றால் மருத்துவச் சான்று வேண்டுமே என்றார் ஒருவர். மூச்சுச் சத்தம் சீராக இருக்கிறது, அதுவே சான்று என்றார் இன்னொருவர். வயது வரம்பு பற்றி அரைமணி நேரம் பேசினார்கள். சாமியைப் போய் மாணவி பயிற்றுவிப்பதா என்று தாசில்தார் வெளியிலிருந்து ஆட்சேபம் அனுப்பினார். சாமித்துரை சார் விழுந்து விழுந்து சிரித்தார். "எடுத்துக்கிடட்டும்யா. பாதிக்குப் பாதி பொருத்தம்தான்." தீர்மானம் நிறைவேறியது.

பயிற்சிக்குப் பேச்சித்தாய் உச்சிவெயிலைக் கேட்டு வாங்கினாள், அப்போதுதான் மைதானத்தில் ஈ காக்கை இருக்காது, சாரும் வீட்டில் சாப்பிட்டுப் படுத்திருப்பார். முதலில் உடைமரத்தடியில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். "எறங்காத! எறங்காதளா!" அது அவள் முகத்துக்கு நேராகவே இறங்கிப் போனது. குறுக்கே கயிறு கட்டினாள், கூம்பு வைத்தாள், உடைமரத்தைச் சேலையால் மூடிப் பார்த்தாள். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது, மாதம் ஒன்று போய்விட்டது, கித்தேரி குடையும் மோருமாக வந்து நின்றாள்.

"ஏன்க்கா அதோட மல்லுக்கட்டுதிய? பாவம்லா அது. சொன்னா கேக்கப் பழகுன பிள்ளை, சொல்லாததையா செய்யும்?"

பேச்சித்தாய் அவளையே பார்த்தாள். மோரை வாங்கிப் பாதி குடித்தாள். எறங்காதே என்று ஒரு நாளும் யாரும் தன்னிடம் சொன்னதில்லையே, சொல்லியிருந்தால்கூட அந்த வயசில் காதில் ஏறியிருக்காதே என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டது. அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லைக்கூடப் பன்னிரண்டு வருஷமாக அதனிடம் யாரும் சொல்லவில்லை, வெறும் பழக்கத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது. சரி, இறங்குவதை மாற்ற முடியாது, இறங்குகிற இடத்தை மாற்றலாம் அல்லவா?

மறுநாள் உடைமரத்தைத் தாண்டிச் சில அடி தள்ளி நின்றாள். காலடி வந்தது. சாமித்துரை சார் நிற்கிற மாதிரியே இடுப்பைச் சாய்த்து, வலது கையைத் தாழ்த்தி, அவர் குரலிலேயே "எறங்கு" என்றாள். சொல்லும்போது வாய் கசந்தது, காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. காலடி மரத்தடியில் தடுமாறியது, தப் என்று ஒரு அடி புல்லில் விழுந்தது, பிறகு திரும்பத் தடத்துக்கு வந்து அவள் நிற்கிற இடம்வரை ஓடிவந்து இறங்கியது. பேச்சித்தாய்க்குப் புல்லரித்துவிட்டது. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றாள், அதற்கடுத்த வாரம் வளைவில் நின்றாள், மழைக்காலம் வந்தபோது வளைவு முடிந்து நேர்ப்பாதை வந்திருந்தது, பொங்கல் லீவுக்கு எல்லாரும் ஊருக்குப் போனபோது பேச்சித்தாய் போகவில்லை, தை முழுக்க நின்றாள், மாசியில் முடிவுக் கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். அந்த ஒரு சாணை மட்டும் கடக்கவிடவில்லை. அவள் நினைத்திருந்தால் அன்றைக்கே கடந்திருக்கும். கடைசி அடியை அவள் ஒரு ஆளுக்காக எடுத்து வைத்திருந்தாள்.

மாற்றத்தை முதலில் கண்டவர் தாசில்தார்தான், "இப்பல்லாம் தலையங்கம்வரைக்கும் படிக்க முடியுது" என்றார். மாணவிகள் கிட்டத்தட்ட முடிவுவரை இழுபட்டதால் நேரமெல்லாம் மளமளவென்று குறைந்தது. ஊரே பேசியது. சாமித்துரை சார் நிருபர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "இது என் முறையின் இரண்டாம் கட்டம். பல வருஷமா யோசிச்சு வச்சிருந்தேன்" என்றார். செய்முறைத் தேர்வில் பேச்சித்தாய்க்கு ஒட்டிப் பிழைக்கிற மதிப்பெண் போட்டார். "எல்லாம் சரி, கோட்டைத் தாண்டல பாத்தியா? அதான் நீ" என்றார். பேச்சித்தாய் தலையை ஆட்டினாள். ஆத்திரம் முற்றிப் பழுத்தால் ஆள் அமைதியாகிவிடுவாள் என்பது அவருக்கு எங்கே தெரியும்?

அந்த வாரம்தான் கித்தேரி விடுதிச் சாப்பாட்டு அறையில் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் சோற்றை மிச்சம் வைத்துப் பேச்சித்தாய் பார்த்ததில்லை.

"என்னளா?"

"தென்மண்டலப் போட்டியில என்னைய இழுத்து மட்டும் குடுக்கச் சொல்லுதாருக்கா. துணைவேந்தர் மச்சினர் மகளுக்காக. ஒன்னை அடுத்த மீட்டுல பாத்துக்கலாம்னு தோள்ல கை போட்டுச் சொன்னாரு. நல்ல மனுஷன்லாக்கா? பாத்துக்கிடுவாருல்லா?"

பேச்சித்தாய் தட்டை அவள் பக்கம் திரும்ப நகர்த்தி வைத்தாள். தென்மண்டலப் போட்டி சித்திரையில். சாமித்துரை சார் ஓய்வு பெறுவது அதற்கு முன்னாலேயே, பங்குனிக் கடைசியில், அடுத்த மீட்டில் பார்த்துக்கொள்ள அவர் இருக்கப்போவதே இல்லை. அவள் மனசுக்குள் தேதியைப் பொருத்திப் பார்த்துக்கொண்டாள்.

தேரிமேட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது, ஓய்வு பெறுகிற கோச் கழுத்தில் மாலையும் விசிலுமாக மைதானத்தைச் சுற்றி வர வேண்டும், மாணவர்கள் இரண்டு பக்கமும் நின்று கை தட்ட வேண்டும். சாமித்துரை சார் ஜீப்பில் நின்றபடி சுற்றுவதாகத்தான் ஏற்பாடு. பந்தல் போட்டாயிற்று, துணைவேந்தர் வந்தாயிற்று, கேன்டீனில் கேசரி கிண்டியாயிற்று. பட்டய மாணவர்கள் சார்பில் பேசப் பேச்சித்தாய் மேடையேறினாள், மூன்று படியில் பாதியில் கால் நின்றது, கித்தேரி கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

"சாரோட முறையை உலகமே பாராட்டுது" என்று ஆரம்பித்தாள் பேச்சித்தாய். வெல்லப் பாகாக இருந்தது குரல். "ஓட்டத்தம்மா பின்னால இந்த ஊர்ல ஓடாத ஆள் கிடையாது. தாசில்தார் ஐயா ஓடியிருக்காங்க, கணக்குப் பிரிவு சார் ஓடியிருக்காங்க, துணைவேந்தர் வீட்டம்மா ஓடியிருக்காங்க. ஓடாத ஒரே ஆள், அந்த முறையைக் கண்டுபிடிச்ச நம்ம சார்தான். இவ்வளவு நாளும் அடுத்தவங்களுக்காகவே வாழ்ந்துட்டாங்க. இன்னைக்கு ஒரு நாள் அந்தச் சுகத்தை சாரும் அனுபவிக்கணும்னு மாணவர்கள் ஆசைப்படுதோம்."

கைதட்டல் பந்தலைப் பிய்த்தது. துணைவேந்தர் முதற்கொண்டு எழுந்து நின்று தட்டினார். சாமித்துரை சாருக்கு உள்ளூர ஒரு பயம் எப்போதும் உண்டு, அதனால்தான் இத்தனை வருஷம் அந்தத் தடத்தில் கால் வைக்கவில்லை, ஆனால் பாராட்டு என்று வந்தால் அந்த ஆளுக்குக் கண் தெரியாது. வேட்டியை மடித்துக் கட்டினார். மாலையைச் சரிசெய்துகொண்டு முதல் தடத்தில் இறங்கினார். காலடி வந்தது, பிடித்தது, இழுத்துக்கொண்டு போனது.

அறுபது வயசுக் கால் பத்தொன்பது வயசு வேகத்தில் பறந்தது. "அடேயப்பா!" என்று சார் சிரித்தார், கை அசைத்தார், செவ்வந்திப் பூ உதிர்ந்துகொண்டே போனது. முதல் சுற்று முடிந்தது. உடைமரம் வந்தது, போனது. கடைசி வளைவு வந்தது. பேச்சித்தாய் முடிவுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் காலடிச் சத்தத்தோடு ஒன்றாகக் கேட்டது. இந்தத் தடவை கையைத் தாழ்த்தவில்லை. இரண்டு கையையும் விரித்தாள்.

"வாளா" என்றாள். "வா, என் தங்கம், வந்துரு."

காலடி அந்த ஒரு சாண் தூரத்துக்கு முன்னால் ஒரே ஒரு நொடி தயங்கியது. பிறகு கோட்டைத் தாண்டியது. தாண்டிய வேகத்தில் அவள் நெஞ்சில் வந்து மோதியது, பேச்சித்தாய் ஒரு அடி பின்னால் சாய்ந்து நின்றாள், பன்னிரண்டு வருஷத்து மூச்சும் சேர்ந்து அவளுக்குள் இறங்கியது. குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாங்கு வாங்கென்று மூச்சு வாங்கினாள். முகமெல்லாம் வியர்வை, கண்ணெல்லாம் தண்ணீர். முடித்துவிட்டாள். எண்ணூறையும் முடித்துவிட்டாள்.

சாமித்துரை சார் அவளைக் கடந்து போய்க்கொண்டிருந்தார். முன்னால் இழுக்க இப்போது யாரும் இல்லை, ஆனால் ஓட்டத்தம்மா இறங்குகிற இடத்தில்தான் பின்னால் வருகிறவர்கள் விடுபடுவது வழக்கம், இன்றைக்கு அவள் இறங்கவில்லை, முடித்துவிட்டுப் போய்விட்டாள். இறங்கச் சொல்ல ஆளில்லாமல் அந்தக் கால்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தன. சாருக்கு என்ன உற்சாகம் பார் என்று ஜனங்கள் கை தட்டினார்கள். இரண்டு சுற்று, மூன்று சுற்று. சிரிப்பு மறைந்தது. விசிலை எடுத்துத் தனக்குத்தானே ஊதிப் பார்த்தார். "எறங்கு, எறங்கு" என்று தன் காலைப் பார்த்துக் கத்தினார். தன் புத்தகத்தில் தானே எழுதியது அந்த நேரத்தில் அவருக்கு நினைவு வந்ததோ என்னவோ, பேச்சித்தாயைத் தேடி அவர் கண் அலைந்தது.

"ஏளா பேச்சி! நிக்க மாட்டேங்குதுளா! எறங்குன்னு ஒரு வார்த்தை சொல்லு!"

மற்றவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். துணைவேந்தர் மைக்கில் சொன்னார், கித்தேரி ஓடிப்போய்ச் சொன்னாள், நாலு பேர் சேர்ந்து கட்டிப் பிடித்தும் பார்த்தார்கள், நாலு பேரையும் இழுத்துக்கொண்டு போனது அந்தக் கால். இறங்கும் இடத்தை வாரம் வாரமாகத் தள்ளித் தள்ளி வைத்தவள் ஒருத்தி, சொல்லும் அவளிடம்தான் இருந்தது. பேச்சித்தாய் கேன்டீனுக்குப் போய் ஒரு தட்டுக் கேசரி வாங்கி உட்கார்ந்து தின்றாள். பாதி வந்தது, தாண்டியது. தட்டை விரலால் வழித்து நக்கினாள்.

தேரிமேடு இதையும் பழகிக்கொண்டது. சாருக்கு ஓட்டத்தம்மாவின் வேகம் இல்லை, இரண்டொரு நாளில் அது தளர்ந்து ஒரு நிதானமான ஓட்டமாக நிலைத்துவிட்டது, நடைப்பயிற்சிக்காரர்களுக்கு அதுதான் தோதாக இருந்தது. தாசில்தார் முதலில் வருத்தப்பட்டார், பிறகு சார் பின்னால் சேர்ந்துகொண்டு அவருக்கும் சேர்த்துச் சத்தமாகப் பேப்பர் படித்தார். சாருக்குத் தூக்கம்கூட ஓட்டத்திலேயே வந்து போனது. பல்கலைக்கழகம் அவரை ஓய்வு பெற்றவராக வைப்பதா பணியில் இருப்பவராக வைப்பதா என்று கூட்டம் போட்டது. அவர் மனைவி தூக்குச்சட்டியோடு வந்து, ஓட்டமாகக் கூட ஓடி, வாயில் இட்லியை ஊட்டிவிட்டு, மூச்சு வாங்கப் பேச்சித்தாயிடம் வந்து நின்றார். விடச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். "வீட்டுல இருந்தாலும் யாரையாவது வெரட்டிக்கிட்டேதான் இருப்பாரு. இங்கன கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தூக்குச்சட்டியை அலம்பிக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை தேங்காயை மட்டும் நிறுத்திவிட்டார்கள், அந்த ஆளைச் சாமி என்று கும்பிட யாருக்கும் மனசு வரவில்லை.

சித்திரையில் கித்தேரி யாருக்கும் இழுத்துக் கொடுக்கவில்லை, தனக்காக ஓடினாள். கோட்டைத் தாண்டும்வரை வாயைத் திறக்காமல் ஓடியது அவள் ஆயுளிலேயே அதுதான் முதல் தடவை.

ஆடி மாதம் மேலக்காற்று செம்மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் புதிய கோச் வேலைக்குச் சேர்ந்தாள். தலையை இடுப்புவரை முழுசாகப் பின்னிப்போட்டு, கழுத்தில் விசிலும் கையில் நிறுத்துக் கடிகாரமுமாகப் போய் உடைமரத்தடியில் நின்றாள். எதிர்க்கரையிலிருந்து சாமித்துரை சார் வந்தார். மாலையில் நார் மட்டும்தான் மிச்சம் இருந்தது. அவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தார்.

"அம்மா பேச்சித்தாய்..." முழுப்பேரைச் சொன்னார். "தப்புதாம்மா. நான் செஞ்சது பாவம்தான். எறங்குன்னு சொல்லும்மா. ஒரே வார்த்தை."

கித்தேரி பக்கத்தில்தான் நின்றாள். "அக்கா... சொல்லிறலாமேக்கா" என்று மெதுவாக அவள் முழங்கையைத் தொட்டாள்.

சொல்லலாம். நாக்கு நுனியில்தான் இருந்தது. பேச்சித்தாய் அந்த ஆளின் முகத்தை, நரைத்த தாடியை, கும்பிட்ட கையை நிதானமாகப் பார்த்தாள். பத்துப் பேர் நடுவில் கேட்ட சிரிப்பு காதில் கேட்டது, ஐஸில் விறைத்த விரல்கள் நினைவு வந்தன. பாவம் பார்க்க நினைக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், அவளுக்கு மனசு ஆறவில்லை. அவர் அவளைத் தாண்டுகிற நேரத்தில் கூடவே நாலு எட்டு ஓடி, அவர் தோளில் பாசமாகக் கை போட்டாள்.

"ஓட்டம் நல்லா இருக்கு சார். இப்படியே போங்க. ஒங்களை அடுத்த மீட்டுல பாத்துக்கலாம்."